வண்டி தொலைந்தது ஒரு லிமிட், வீடு இன்னொரு லிமிட்: மணலி புதுநகர்ப் பக்கம் ஸ்டேஷன் விவகாரம் தெரிந்தவர்கள் வாங்க

புதுநகர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்) | புதன், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். மணலி புதுநகரில் எம்.எம்.டி.ஏ. (இப்போதைய சி.எம்.டி.ஏ., பெருநகர வளர்ச்சிக் குழுமம்) காலத்து மனையில் கட்டிய ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறி 6 வருடம் ஆகிறது. இதுவரை ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மிதிக்கும்படி ஆகிவிட்டது.

அப்பா விடியற்காலையில் மீன் வாங்கப் போனார். 9 வருடத்து ஸ்கூட்டர். பக்கவாட்டில் பெட்டி மாட்டியிருப்பார், அதில் மழைக்கோட்டும் ஒரு குடையும் எந்நேரமும் இருக்கும். மார்க்கெட் சுவரோரம் நிறுத்திவிட்டு, சங்கரா மீனைப் பேரம் பேசி, செதில் எடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் சுவர் மட்டும் இருக்கிறது.

பக்கத்து ஸ்டேஷனுக்கு மீன் பையோடு நடந்தே போயிருக்கிறார். "அந்தச் சுவர் எங்க லிமிட் இல்ல சார், பாலத்துக்கு அந்தப் பக்கம் போங்க" என்றார்களாம். அந்தப் பக்கம் போனால் "ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவர்) இல்லை, சாயங்காலம் வாங்க". சாயங்காலம் நானும் கூடப் போனேன். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம், வாங்கி மேஜைமேல் ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார்கள். ரசீது எதுவும் தரவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் போய் விசாரித்தால் "எந்தப் புகார்?" என்று நம்மையே கேட்கிறார்கள்.

எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த ஸ்டேஷனைத் திட்டுவதிலேயே போய்விடும். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அப்படியே நம் பகுதி ஆட்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றையும் போடுங்கள், பலருக்கு உதவும்.

கோசஸ்தலை | புதன், இரவு 10.15

முதலில் லிமிட் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பகுதியில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நாம் வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. 2011-ல் மணலியும் திருவொற்றியூரும் மாநகராட்சிக்குள் வந்தபோதிலிருந்து அப்படித்தான். ஆனால் போலீஸ் விஷயத்தில் 2022 ஜனவரி 1 முதல் கோடு வேறு. சென்னைக் காவலை மூன்றாகப் பிரித்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு புது ஆணையரகம் போட்டார்கள். மணலி, மணலி புதுநகர், சாத்தங்காடு, எண்ணூர் எல்லாம் ஆவடிக்குப் போயின. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் சென்னையிலேயே இருக்கின்றன.

அதாவது குப்பை அள்ளவில்லை என்றால் 1913-க்குப் போன் போட்டு சென்னைக்காரனாகப் பேசலாம். வண்டி போனால் வீட்டருகே ஆவடி, நாலு கிலோமீட்டர் தள்ளி சென்னை. கமிஷனரிடம் மனு கொடுப்பதானாலும், சம்பவம் எந்தப் பக்கம் நடந்தது என்று பார்த்துத்தான் வேப்பேரிக்குப் போவதா ஆவடிக்குப் போவதா என்று முடிவு செய்ய வேண்டும். என் மச்சான் ஒருமுறை இது தெரியாமல் வேப்பேரி வரை போய்த் திரும்பினான்.

ஓய்வு ஏட்டு | புதன், இரவு 11.05

தம்பி, நான் 34 வருடம் இந்த வேலை பார்த்தவன். வட சென்னையில் மட்டும் 20 வருடம் இருக்கும். கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவை முதல் ஸ்டேஷனிலிருந்து திருப்பி அனுப்பியதே தப்பு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) சட்டத்தின் 173-வது பிரிவில், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம் என்று நேராகவே எழுதியிருக்கிறது. எண் போடாமல் பூஜ்ஜியம் போட்டுப் பதிந்து, லிமிட் உள்ள ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். முன்பும் நடைமுறையில் இருந்தது, இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. "எங்க லிமிட் இல்ல" என்று யாராவது சொன்னால், "சரிங்க ஐயா, ஜீரோவில் போட்டு அனுப்பிவிடுங்கள்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தை தெரிந்த ஆளிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது ரசீது. நம் மாநிலத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது உண்டு. எண், தேதி, யார் விசாரணை என்று இருக்கும். அது கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். மேஜைமேல் கட்டுக்கு அடியில் போன தாளின் கதி எனக்குத் தெரியும், நானும் கட்டு கட்டியிருக்கிறேன். நாள் முழுக்க வரும் தாள்களில் எண் விழுந்தது மட்டும்தான் உயிரோடிருக்கும். மற்றதெல்லாம் டீ கிளாசுக்கு அடியில் போடும் தாள்.

ஆனால் வண்டித் திருட்டுக்கு சி.எஸ்.ஆர். மட்டும் போதாது. இன்சூரன்ஸ்காரன் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்பான், பிறகு வண்டி கிடைக்கவில்லை என்ற சான்றும் கேட்பான். ஆகவே எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். திருட்டு, இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2), பழைய இ.பி.கோ. 379 தான். நகலை இலவசமாகத் தர வேண்டும், காசு கேட்டால் தப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். வண்டி கிடைக்கும் என்று காத்திருந்துவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அதையே சாக்காக வைத்து இழுப்பார்கள்.

இன்னொன்று. பெரிய ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஓர் இன்ஸ்பெக்டர், போக்குவரத்துக்கு ஓர் இன்ஸ்பெக்டர் என்று தனித்தனி. வாசலில் நுழைந்ததும் எதிரே இருக்கும் மேஜை பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு. வண்டித் திருட்டுக்கு "கிரைம் எங்கே சார்?" என்று கேட்டுப் போங்கள். மாடியிலோ பின்கட்டிலோ இருப்பார்கள். உங்கள் தாள் தப்பான மேஜையில் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

எண்ணூர் உப்புக்காற்று | வியாழன், காலை 6.40

ஏட்டு ஐயா சொல்வதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருக்கிறது. பிரிவு எண் சொன்னால் "நீ என்ன வக்கீலா?" என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில்? எனக்கு நடந்தது, அதனால் கேட்கிறேன்.

ஓய்வு ஏட்டு | வியாழன், காலை 7.30

கேட்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.

அப்படியும் வாங்கவில்லை என்றால் புகாரைத் தபாலில் அனுப்பலாம். ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரி ஆனதற்கான ஒப்புகையோடு. முதலில் ஸ்டேஷனுக்கு, அதன் பிறகு துணை ஆணையருக்கு. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு, 173(4)-ல் அந்த வழியும் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: 3 வருடம் முதல் 7 வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதியலாம். "14 நாள் ஆகும்" என்றால் யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கலாம்.

புகார் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஆட்கள் முதல் பக்கம் முழுக்க "மாட்சிமை பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்துக்கு" என்று எழுதிவிட்டு வண்டி எண்ணை விட்டுவிடுவார்கள். வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், எத்தனை மணிக்கு விட்டார், எத்தனை மணிக்குப் பார்த்தார், அருகில் எந்தக் கடை. இவ்வளவும் ஒரே பக்கத்தில் வந்தால் போதும். கீழே போன் நம்பர். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுநகர்க்காரன் | வியாழன், இரவு 8.20

ஐயா, ரொம்ப நன்றி. இன்று போனேன். நீங்கள் சொன்னதுபோலவே தாள் சட்டம் ஒழுங்குப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. கிரைம் மாடியில். அங்கே ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார், பொறுமையாகக் கேட்டார், புதிதாக எழுதச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆர். நகல் கையில். இவ்வளவுதான் வேலை என்றால் நாலு நாள் ஏன் அலைந்தோம் என்று இருக்கிறது. அவரே ஒன்றும் சொன்னார்: 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் வரும், வரவில்லை என்றால் நேரே வந்து கேளுங்கள் என்று.

ஒரே ஒரு சந்தேகம். அப்பாவுக்கு 63 வயது. "வாக்குமூலத்துக்கு மறுபடி வரச் சொல்லுங்க" என்கிறார்கள். அவருக்கு மூட்டு வலி, மாடிப்படி முடியாது.

ஓய்வு ஏட்டு | வியாழன், இரவு 8.55

60 வயதுக்கு மேல் உள்ளவரை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும், அதே சுரக்ஷா சன்ஹிதாவில் 179-வது பிரிவு. பெண்களுக்கும், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், உடல்நலமில்லாதவர்களுக்கும் அதேதான். பழைய சட்டத்தில் 65 என்று இருந்ததை 60 ஆக்கினார்கள். அந்த எஸ்.ஐ. அம்மாவிடம் மூட்டு வலி என்று சொன்னாலே போதும், பிரிவு எண் தேவைப்படாது.

வியாசை மெக்கானிக் | வியாழன், இரவு 11.40

எல்லோரும் போலீஸிடம் எப்படிப் புகார் கொடுப்பது என்று பேசுகிறீர்கள். போலீஸ் நம்மை நிறுத்தினால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

வேலை முடிந்து இரவு 11 மணிக்கு வீட்டுக்கு வருவேன். வாரத்தில் இரண்டு நாள் நிச்சயம் நிறுத்துவார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருக்கும். அட்ரஸில் வியாசர்பாடி என்று பார்த்ததும் குரல் மாறும். "எறங்கி நில்லு." பிறகு போனை எடுத்து முகத்துக்கு நேராக ஒரு போட்டோ. கையில் கிரீஸ் கறை இருந்தால் அதற்கு இரண்டு கேள்வி அதிகம். கூட வேலை செய்பவன் அண்ணாநகர் அட்ரஸ், அதே வண்டி, அதே நேரம், அவனை "சரி, போங்க தம்பி" என்று அனுப்புகிறார்கள். வட சென்னை என்றால் சினிமாவில் பார்த்ததை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஓய்வு ஏட்டு | வெள்ளி, காலை 6.10

தம்பி, இரவு வாகனத் தணிக்கை இல்லாவிட்டால் புதுநகர்க்காரர் அப்பாவின் வண்டி மாதிரி நூறு வண்டி கிடைக்காது. முகம் பார்க்கும் செயலி பழைய குற்றவாளிகளின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அவர்களும் தூக்கம் கெட்டு நிற்கிறார்கள்.

இரவுப்பணி நர்ஸ் | வெள்ளி, காலை 6.35

ஏட்டு ஐயா, மேலே எவ்வளவு அழகாகச் சட்டம் சொன்னீர்கள், இந்தத் தம்பி கேட்டதும் மழுப்புகிறீர்களே. ஒரே ஆளை வாரம் இரண்டு முறை போட்டோ எடுத்தால் முதல் முறையே தெரிந்திருக்காதா அவர் யாரென்று? நானும் அதே நேரத்தில் அதே ரோட்டில்தான் வருகிறேன். என்னை நிறுத்தியதே இல்லை.

ஓய்வு ஏட்டு | வெள்ளி, காலை 7.15

சரிம்மா. ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி, சட்டப்படி சொல்கிறேன். நிறுத்துபவர் பெயரும் பதவியும் தெரியும்படி வில்லை (பேட்ஜ்) அணிந்திருக்க வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் கைது, விசாரணை சம்பந்தமாக உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளைகளில் முதலாவது அதுதான். பெயரைக் குறித்துக்கொள்ளலாம், தேதி, நேரம், இடம் எழுதி வைத்துக்கொள்ளலாம். இப்படி நாலைந்து முறை சேர்ந்ததும், துணை ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். சண்டை போடும் தொனியில் வேண்டாம், தேதி வரிசையாகப் போடுங்கள். கமிஷனர் அலுவலகத்தில் புதன்கிழமை குறைதீர் முகாம் நடக்கும், அங்கேயும் கொடுக்கலாம். பெரிய மாற்றம் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பீட்டில் (ரோந்துப் பகுதியில்) நிற்பவர்கள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள்.

வியாசை மெக்கானிக் | வெள்ளி, காலை 7.22

இப்பவே கூப்பிடுகிறார்கள் ஐயா, "டேய் மெக்கானிக்" என்று.

இரவுப்பணி நர்ஸ் | வெள்ளி, மதியம் 2.10

தூங்கி எழுந்து எழுதுகிறேன். பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: "காவல் உதவி" செயலியைப் போனில் போட்டு, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக உங்கள் விவரத்தையும் நெருங்கிய மூன்று பேர் நம்பரையும் பதிந்து வையுங்கள். 2022-ல் தமிழ்நாடு போலீஸ் வெளியிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். போட்டுவிட்டு ஒருமுறைகூடத் திறக்காதவர்கள்தான் நிறைய. அவசரத்தில் ஓ.டி.பி. வரும் வரை காத்திருக்க முடியாது.

செயலி இல்லாவிட்டால் 112. பழைய 100 போட்டாலும் எடுப்பார்கள். போனில் பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம். நம் ஊரில் இடம் சொல்வதே ஒரு கலை. டி.பி.பி. (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்கும், எல்லா இடமும் ஒரே மாதிரி. நான் என் வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க், டிரான்ஸ்ஃபார்மர், வேப்பமரம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஒருநாள் லாரி கிளீனர் ஒருவன் பின்னாலேயே வந்தபோது "தர்மபதி (அய்யா வைகுண்டர் கோயில்) வளைவுக்கு முன்னால, மூடின பஞ்சர் கடை" என்று சொன்னேன், பத்து நிமிடத்தில் ரோந்து வண்டி வந்தது. லாரி நிழலில் நடக்காதீர்கள், சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

வீட்டுக்குள்ளே நடக்கும் கொடுமைக்கு 181. ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும் என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். ஆண்களிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயத்துக்காகத்தான் 1992-ல் சென்னையில் அதை ஆரம்பித்தார்கள்.

கோலம் போடும் மாமி | வெள்ளி, மாலை 4.45

செயின் பற்றி யாரும் எழுதவில்லையே. வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் கோலம் போடக் குனியும்போதுதான் அறுப்பார்கள். குனிந்தால் செயின் முன்னால் ஊஞ்சல் மாதிரி தொங்கும், கழுத்தும் நீட்டியிருக்கும், கையில் மாவு. என் நாத்தனாருக்கு அப்படித்தான் போனது, போனது நாலு சவரன் என்றாலும் விழுந்ததில் முழங்கை உடைந்ததுதான் பெரிய செலவு. அன்றிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு ஊக்கு குத்திக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறோம். தெருப் பக்கம் முதுகைக் காட்டாமல், வீட்டுப் பக்கம் முதுகு இருக்கும்படி உட்கார்ந்து போடுகிறோம். கோலம் நமக்குத் தலைகீழாகத் தெரியும், பழகிவிட்டது.

புரட்டாசியில் அய்யா வைகுண்டர் கோயில் தேருக்குக் கூட்டம் நெரியும். அன்று கவரிங் போதும்.

ஓய்வு ஏட்டு | வெள்ளி, மாலை 5.30

மாமி, தலைகீழ்க் கோலம் நல்ல யோசனை. பறிப்புக்கு நியாய சன்ஹிதாவில் 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது, பழைய இ.பி.கோ.வில் அப்படித் தனியாக இல்லை. பறித்தவனைத் துரத்த வேண்டாம். வண்டி எண் தெரியாவிட்டாலும் பின்னால் உட்கார்ந்தவனின் சட்டை, செருப்பு நிறத்தைப் பாருங்கள். சட்டையை மாற்றிவிடுவான், செருப்பை மாற்ற மாட்டான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவன் | வெள்ளி, இரவு 9.05

பூட்டிய வீடு பற்றி யாராவது சொல்லுங்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், வருடத்துக்கு மூன்று முறை வீட்டைப் பூட்டுகிறோம்.

ஓய்வு ஏட்டு | வெள்ளி, இரவு 9.40

ஸ்டேஷனில் ஒரு சின்னக் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள்: முகவரி, எந்தத் தேதியிலிருந்து எது வரை, போன் நம்பர், சாவி யாரிடம். பீட் போகிறவர் பூட்டிய வீட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். பல தெருக்களில் பட்டா புத்தகம் வைத்திருப்பார்கள், ரோந்து வரும் காவலர் நேரம் போட்டுக் கையெழுத்திடும் சின்ன நோட்டு. உங்கள் தெருவில் இல்லை என்றால் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஊரிலிருந்து வந்ததும் அதைப் புரட்டிப் பாருங்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் ஒரே நாளில் போட்டது என்று அர்த்தம். (இதை எழுதியதற்கு என் பழைய கூட்டாளிகள் திட்டுவார்கள்.)

திருடனுக்கு அடையாளம் காட்டுவது பால் பாக்கெட்தான். கேட்டில் தொங்கும் பையில் இரண்டு நாள் பால் அப்படியே இருந்தால் வீட்டில் ஆளில்லை. பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் நிறுத்தச் சொல்லுங்கள். பகலிலும் எரியும் வாசல் விளக்கும் அப்படியே. பக்கத்து வீட்டில் சொல்லி மாலையில் போட்டு, காலையில் அணைக்கச் சொல்லலாம். ரயிலில் ஏறியதும் போட்டோ போடாதீர்கள், திரும்பி வந்து போடுங்கள்.

கேமரா மாட்டுகிறவன் | சனி, காலை 10.20

தொழில் சம்பந்தமாக ஒன்று. 2017, 18-ல் சென்னைப் போலீஸ் "மூன்றாவது கண்" என்று சொல்லி தெருத்தெருவாகக் கேமரா மாட்டச் சொன்னபோது, நான் மட்டும் இந்தப் பக்கம் நிறைய வீடுகளுக்குப் போட்டேன். இப்போது போய்ப் பார்த்தால் பாதி வீட்டில் லென்ஸ்மேல் சிலந்தி வலை. மீதிப் பாதியில் நேரம் தப்பு. போன மாதம் ஒரு கடையில் திருட்டு, படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் டி.வி.ஆர். (படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி) கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால் ஓடுகிறது. வாங்கியதிலிருந்து யாரும் இந்திய நேரத்துக்கு மாற்றவில்லை. இரவு 2 மணிக்கு நடந்தது முந்தின நாள் இரவு எட்டரையில் கிடக்கிறது. போலீஸ்காரர் தேடித் தேடிக் களைத்துவிட்டார்.

மாதம் ஒருமுறை நேரத்தையும் லென்ஸையும் பாருங்கள். ஒரு கேமராவாவது தெருவைப் பார்க்கட்டும், உங்கள் செருப்பு ஸ்டாண்டை மட்டும் பார்த்தால் பயனில்லை. டி.வி.ஆர். பெட்டியை ஹாலில் டி.வி.க்குக் கீழே வைக்காதீர்கள், திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிப்போவான். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்டு வையுங்கள், சிலவற்றில் ஒரு வாரம்தான். பதிவைப் போலீஸ் வாங்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று ஒரு சான்றிதழில் கையெழுத்து கேட்பார்கள். சாட்சியச் சட்டத்துக்காக, முன்பு 65பி, இப்போது 63. அது இல்லாவிட்டால் கோர்ட்டில் படம் நிற்பது கஷ்டம்.

எண்ணூர் உப்புக்காற்று | சனி, இரவு 8.00

நான் குறை மட்டும் சொல்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் வேலை என்றால் திருட்டு மட்டும்தானா? எங்களுக்குப் பெரிய பயம் வேறு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது நான் எழுந்தது மூக்கெரிச்சலில். குழந்தை இருமுகிறது, கண் திறக்க முடியவில்லை. தெருவே கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மைக் இல்லை, சைரன் எங்கள் காதில் விழவில்லை. பிறகு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏற்றி அனுப்பியவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் முகத்தில் கைக்குட்டைதான்.

அன்று கற்றது: துணியை நனைத்து மூக்கில் கட்ட வேண்டும், அமோனியா தண்ணீரில் கரையும். காற்று அடிக்கும் திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்காகப் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் கொடியில் காயும் துணியைப் பாருங்கள், கோயில் கொடியைப் பாருங்கள். கண்ணைக் கசக்காமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வயதானவர் இருக்கும் வீடு எது என்று தெருவில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பாட்டியை எல்லோரும் மறந்துவிட்டு, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடினோம். மணலி ஆட்களும் சுற்றிலும் ஆலை உள்ளவர்கள்தான், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.

கோசஸ்தலை | சனி, இரவு 8.40

இதோடு வெள்ளமும். 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டபோது கொசஸ்தலை ஆறு பொங்கி புதுநகருக்குள் வந்தது நினைவிருக்கும். 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போனபோது திருட்டுப் பயம் எல்லோருக்கும் இருந்தது. எங்கள் பக்கம் இளைஞர்கள் முறை வைத்து மொட்டை மாடியில் டார்ச்சோடு உட்கார்ந்தார்கள். போகும்போது ஆதார், பத்திரம், நகையை ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு உடன் எடுத்துப் போங்கள், பரணில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

மீட்டர் பாக்ஸ் | ஞாயிறு, காலை 11.15

நான் ஏமாந்த கதை. "இன்றிரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பரில் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. போன் செய்தேன். நல்ல தமிழில் பேசினான், "சின்ன அப்டேட், 10 ரூபாய் மட்டும் அனுப்புங்க சார்" என்று ஒரு செயலியை இறக்கச் சொன்னான். 10 ரூபாய் போட்டேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் 48,000 போய்விட்டது. மின்வாரியத்தில் 15 வருடம் ஒப்பந்த வேலை பார்த்தவன் நான், என் பெயரைப் பாருங்கள்.

வெட்கத்தில் இரவு முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. காலையில் மகள் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போட்டாள். அவர்கள் வங்கியோடு நேராகப் பேசி, பணம் போன கணக்கை முடக்குவார்கள், ஆனால் அவன் அடுத்த கணக்குக்குத் தள்ளுவதற்குள் முடக்க வேண்டும். எனக்கு 11,000 மட்டும் நிறுத்த முடிந்தது. உடனே போட்டிருந்தால் முக்கால்வாசி நின்றிருக்கும் என்றார் 1930-ல் பேசிய பெண். கையில் பரிவர்த்தனை எண்ணை வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு வகை: வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்பான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்குப் போடுங்கள்.

அத்திப்பட்டு லோக்கல் | ஞாயிறு, மாலை 6.00

ரயிலில் போனைப் பறித்தால் ஊர் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், இருப்புப்பாதை காவல் நிலையம். ரயிலிலிருந்தே 139 போடலாம். போன் தொலைந்தால் புகார் நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கிவிடுங்கள், அப்புறம் எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாது. அந்த எண் தெரிய *#06# இப்போதே அழுத்தி எங்காவது எழுதி வையுங்கள். போனுக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள், நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

புதுநகர்க்காரன் | 5 வாரம் கழித்து, செவ்வாய், இரவு 9.10

வண்டி கிடைத்துவிட்டது!

வேறு மாவட்டத்தில் வாகனத் தணிக்கையில் மாட்டியிருக்கிறது. நம்பர் பிளேட்டை மாற்றியிருக்கிறான், ஆனால் சேசிஸ் எண் எஃப்.ஐ.ஆரில் இருந்ததால் பிடித்துவிட்டார்கள். (வியாசை மெக்கானிக் தம்பி கோபித்துக்கொள்ளாதீர்கள்.) ஸ்டேஷனிலிருந்து நேராக எடுத்துவர முடியாது. கோர்ட்டில் மனுப் போட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் காட்டி, கேட்கும்போது கொண்டுவருகிறேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினோம். வக்கீலுக்கு ஆன செலவைச் சொன்னால் அம்மா திட்டுவார்.

ஒரு பக்கக் கண்ணாடி இல்லை, சீட் கவர் கிழிந்திருக்கிறது, பெட்ரோல் டேங்க் காலி. பக்கவாட்டுப் பெட்டியில் மழைக்கோட்டு மடித்தது மடித்தபடி இருக்கிறது. குடையைக் காணவில்லை. அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, குடைக்குத் தனியாகப் புகார் கொடுக்கலாமா என்று ஏட்டு ஐயாவிடம் கேட்கச் சொல்கிறார்.

ஓய்வு ஏட்டு | செவ்வாய், இரவு 9.35

சந்தோஷம் தம்பி. ஆர்.சி., லைசென்ஸ், பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் இணையதளத்திலேயே பதிந்து சான்று எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்குப் போகவே வேண்டாம். குடைக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். என்ன நிறம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

புதுநகர்க்காரன் | செவ்வாய், இரவு 9.41

கறுப்பு.